கறுப்புக் கட்டிக்குள் கத்தரிப்பூ நிறம்: பர்ப்யூரைட் தேடிப் புறப்படுவோருக்கு

பர்ப்யூரைட் என்று சொல்லி யாராவது ஒரு கல்லைக் கையில் கொடுத்தால், முகத்தை விட்டுவிட்டு முதுகைத் திருப்பிப் பாருங்கள். முன்பக்கத்தை எல்லாக் கடைக்காரரும் ஊதாவாகத்தான் வைத்திருப்பார்கள். பின்பக்கத்து இடுக்குகளில் அடுப்புக்கரி அப்பினாற்போல் கறுப்புப் பொருக்கு ஒட்டியிருந்தால் மனசுக்குக் கொஞ்சம் தெம்பு வரும். பூமிக்குள்ளிருந்து இந்தக் கல் அந்தக் கரிக்கோலத்தில்தான் வெளியே வரும்.

நான் முதலில் வாங்கிய துண்டில் அந்தக் கறுப்பு ஒரு பொட்டுக்கூட இல்லை. கண்ணைப் பறிக்கும் ஊதா. சின்ன அட்டைப்பெட்டியில் போட்டு அலமாரியில் வைத்தேன். ஐப்பசி மழை முடிந்து திறந்தால், பெட்டி மூலையில் அடித்திருந்த ஸ்டேப்ளர் பின் துருவாகி உதிர்ந்திருந்தது. கல்லுக்கு அடியில் இருந்த பெயர்ச்சீட்டு பழுப்பேறி ஓட்டை விழுந்திருந்தது. கல்லை அமிலத்தில் ஊறவைத்துக் கறுப்பை எடுத்தவர் சரியாக அலசாமல் விற்றிருக்கிறார். சீட்டில் எழுதியிருந்த பெயரும் சரியில்லை என்பது அப்புறம்தான் தெரிந்தது. அந்த இரண்டு ஏமாற்றமும் உங்களுக்கு வராமலிருக்கத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில், இது என்ன கல்

பர்ப்யூரைட் ஒரு மாங்கனீசு பாஸ்பேட். ஒரு மாங்கனீசுக்கு ஒரு பாஸ்பேட், அவ்வளவுதான். ஆனால் அந்த மாங்கனீசு மூன்று எலக்ட்ரான் இழந்த மாங்கனீசு. பாறைக்குழம்பு ஆறும்போது நேராகப் பிறக்கும் கனிமங்களில் மாங்கனீசு பெரும்பாலும் இரண்டு எலக்ட்ரான் இழந்த நிலையில்தான் இருக்கும். மூன்றாவதையும் பறிகொடுக்க வேண்டுமென்றால் பிற்பாடு ஏதோ நடந்திருக்க வேண்டும். அதனால் இதை இரண்டாம் நிலைக் கனிமம் என்பார்கள். பாலும் தயிரும் மாதிரி வைத்துக்கொள்ளுங்கள்: மாட்டிடம் தயிர் கறக்க முடியாது.

இங்கே பாலாக இருப்பது லித்தியோஃபிலைட். லித்தியமும் மாங்கனீசும் சேர்ந்த பாஸ்பேட் அது. 1878இல் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்துப் பிராஞ்ச்வில்லில் கிடைத்ததை வைத்துப் பெயரிட்டார்கள். லித்தியத்தின் நண்பன் என்று அர்த்தம். அதன் உடன்பிறப்பு டிரைஃபிலைட்டில் மாங்கனீசின் இடத்தை இரும்பு பிடித்திருக்கும். இரண்டும் ஒரே அச்சில் வார்த்தவை. இயற்கையில் இரும்பும் மாங்கனீசும் ஏதாவதொரு விகிதத்தில் கலந்தே இருக்கும். எது அதிகமோ அதன் பெயரை வைக்கிறோம்.

இந்தக் கல்லுக்குள் ஆக்சிஜனேற்றும் நீர் புகும்போது அடிப்பது இரட்டை அடி. உலோகம் ஓர் எலக்ட்ரானை இழக்கிறது; மின்சுமை சமமாக இருக்க வேண்டுமே, அதற்காக ஒரு லித்தியம் அயனி வெளியேறுகிறது. பாஸ்பேட் சட்டகம் அப்படியே நிற்கும். குடியிருந்தவர் காலி செய்து போக, வீட்டுச் சுவர் இடியாமல் நிற்கிற மாதிரி. முதலில் எலக்ட்ரானை விடுவது இரும்பு. அந்தக் கட்டத்தில் பாதி காலியான, பழுப்பு நிறக் கல் வரும்: மாங்கனீசு அதிகமென்றால் சிக்லரைட், இரும்பு அதிகமென்றால் ஃபெர்ரிசிக்லரைட். அடுத்துதான் மாங்கனீசும் விடும், லித்தியம் முழுக்கப் போய்விடும், ஊதா வரும். மாங்கனீசு அதிகமுள்ள ஊதா பர்ப்யூரைட், இரும்பு அதிகமுள்ள ஊதா ஹெட்டரோசைட்.

இந்த வரிசையைக் கண்டு எழுதியவர்கள் சுவீடன் புவியியலாளர் பெர்சி குவென்செலும் நியூசிலாந்துக்காரரான பிரையன் மேசனும். 1930களின் பிற்பகுதியிலிருந்து 1941 வரை வடக்கு சுவீடனின் வருத்ராஸ்க் பாறையை வைத்து அவர்கள் செய்த வேலை அது. அதனால் குவென்செல்–மேசன் வரிசை என்றே பெயர்.

இதே காரியம் உங்கள் வீட்டு வாசலிலும் நடந்துகொண்டிருக்கலாம். மின்சார ஸ்கூட்டரிலும் புது இன்வெர்ட்டரிலும் வருகிற எல்.எஃப்.பி. பேட்டரி இருக்கிறதே, அதன் நேர்முனையில் இருப்பது லித்தியம் இரும்பு பாஸ்பேட். அதாவது, ஆலையில் செய்த டிரைஃபிலைட். 1997இல் பேட்டரி விஞ்ஞானி ஜான் குட்எனஃப் குழுவினர் அதன் குணத்தை வெளியிட்டார்கள். சார்ஜ் போடும்போது அதிலிருந்து லித்தியம் வெளியேறுகிறது. சார்ஜ் முழுக்க ஏறியதும் மிஞ்சுவது ஹெட்டரோசைட்டின் அதே கட்டமைப்பு. இரும்பு எலக்ட்ரானை விடுவது ஏறக்குறைய 3.4 வோல்ட்டில், மாங்கனீசு விடுவது 4.1 வோல்ட்டில். பாறைக்குள் பழுப்பு முந்தியும் ஊதா பிந்தியும் வருவதற்கும் இந்த இடைவெளிதான் காரணம். இரும்பு சட்டென்று விட்டுக்கொடுக்கும், மாங்கனீசு மசியாது. மாங்கனீசு நிறைந்த கல் கடைசிவரை ஊதாவாக மாற வேண்டுமென்றால் ஆக்சிஜனேற்றம் பலமாக இருந்தாக வேண்டும். பலம் மிஞ்சினாலோ அது கறுப்பு மாங்கனீசு ஆக்சைடாகச் சிதைந்துவிடும். பர்ப்யூரைட் அரிதாக இருப்பதில் பாதிக் கதை இது. மீதிப் பாதி, அது பிறக்கிற பாறையில் இருக்கிறது.

எந்தப் பாறையில் பிறக்கும்

பெக்மடைட்டில். கிரானைட் குழம்பு ஆறி உறையும்போது பாறைக்குள் சேர மறுத்த சரக்கெல்லாம் கடைசிச் சாற்றில் ஒதுங்கும்: நீர், லித்தியம், பெரிலியம், பாஸ்பரஸ், வெள்ளீயம். அந்தச் சாறு பிளவுகளில் புகுந்து உறைந்தால் பெக்மடைட். விரல் நீளம், கை நீளம், சில இடங்களில் ஆள் உயரத்துக்குக்கூடப் படிகங்கள் வளர்ந்திருக்கும். காங்கேயம் பக்கம் படியூரில் பெரில் எடுத்தது இந்த வகைப் பாறையிலிருந்துதான். வெள்ளைப் பெல்ஸ்பாரும் வெங்கச்சங்கல்லும் காக்காப்பொன்னும் பெரிசுபெரிசாகக் கோத்துக் கிடக்கும் கல்லைப் பார்த்திருந்தால் பெக்மடைட்டைப் பார்த்தாயிற்று. அதற்காக எல்லாப் பெக்மடைட்டிலும் பர்ப்யூரைட் இருக்காது. லித்தியமும் பாஸ்பரஸும் சேர்ந்து வந்த பெக்மடைட்டாக இருக்க வேண்டும்.

பெரிய பெக்மடைட் வெங்காயம் மாதிரி அடுக்கடுக்காக இருக்கும். ஓரத்தில் பொடிப்படிகம், பிறகு பெல்ஸ்பாரும் மைக்காவும் நிறைந்த சுவர்ப்பகுதி, பிறகு இடைப்பகுதி, நட்ட நடுவில் குவார்ட்ஸ் கரு. லித்தியம் பாஸ்பேட் கட்டிகள் பெரும்பாலும் இடைப்பகுதியிலும் கருவின் ஓரத்திலும் தங்கும். சாறு உறைய உறைய இரும்பு முன்னாலேயே தீர்ந்துபோகும்; கடைசிவரை தாக்குப்பிடிப்பது மாங்கனீசு. அதனால் சாதாரண பெக்மடைட்டில் இரும்பு மிகுந்த டிரைஃபிலைட், அதிலிருந்து ஹெட்டரோசைட். கடைசிவரை முதிர்ந்த பெக்மடைட்டில்தான் லித்தியோஃபிலைட், அதிலிருந்து பர்ப்யூரைட். ஊதாக் கல் எங்கே கண்டாலும் அது ஹெட்டரோசைட்டாக இருக்கவே வாய்ப்பு அதிகம் என்பதற்குக் காரணம் இதுதான்.

முதல் பர்ப்யூரைட் அமெரிக்காவின் வட கரோலினாவில், கிங்ஸ் மவுன்டன் ஊரை ஒட்டிய ஃபேர்ஸ் சுரங்கத்தில் கிடைத்தது. அது வெள்ளீயத்துக்காகத் தோண்டிய சுரங்கம். அந்த வட்டாரத்து வெள்ளீயத்தை ஆராய்ந்துகொண்டிருந்த கிரேட்டனும் வேதியியலாளர் ஷாலரும் 1905இல் இதைப் புதுக் கனிமமாக அறிவித்தார்கள். இலத்தீனில் ஊதாச் சிவப்பைக் குறிக்கும் சொல்லிலிருந்து பெயர் வந்தது. அதே ஷாலர்தான் 1912இல் கலிபோர்னியாவின் பாலா வட்டாரத்துக் கல்லை வைத்துச் சிக்லரைட்டுக்கும் பெயர் வைத்தவர். கிங்ஸ் மவுன்டன் பிற்காலத்தில் லித்தியம் வெட்டும் ஊராகப் பேர் வாங்கியது. மண்ணுக்கடியில் லித்தியம் குவிந்திருந்ததற்கு அந்த ஊதாக் கட்டி முன்கூட்டியே சாட்சி சொல்லியிருக்கிறது, பாருங்கள்.

ஹெட்டரோசைட்டின் பிறந்த ஊர் பிரான்ஸில், லிமோஜ் நகரத்துக்கு வடக்கே. 1826இல் பெயரிட்டவர் ஃபிரான்சுவா அல்லுவோ, பீங்கான் ஆலைக்காரர். பீங்கானுக்குப் பெல்ஸ்பாரும் வெள்ளைக் களிமண்ணும் வேண்டும். அவை பெக்மடைட்டிலிருந்து வரும். அங்கே வெட்டும்போது இந்தக் கட்டிகளும் வந்தன. கிண்ணத்துக்கு மண் தேடிய கை கனிமத்தைக் கண்டெடுத்தது.

இன்று கடைகளில் சுற்றும் ஊதாக் கற்களில் நிறைய நமீபியாவிலிருந்து வருகின்றன. எரோங்கோ பகுதியில் உசாகோஸ் ஊருக்கு அருகே சந்தமாப் என்ற பண்ணை நிலம் இதற்குப் பேர் போனது. நியூ ஹாம்ப்ஷயரின் பலேர்மோ சுரங்கம், தெற்கு டகோட்டாவின் பிளாக் ஹில்ஸ் இரண்டும் பாஸ்பேட் கனிமம் சேர்ப்பவர்களுக்குக் கோயில் மாதிரி.

குப்பைமேட்டில் தேடுவது எப்படி

நேராகப் பாறையில் தேட வேண்டியதில்லை. பழைய பெக்மடைட் சுரங்கத்துக்கு வெளியே கொட்டிவைத்த கழிவுக்கல் மேடுதான் நமக்குச் சுரங்கம். மைக்காவுக்கும் பெல்ஸ்பாருக்கும் தோண்டியவர்களுக்கு இந்தக் கறுப்புக் கட்டிகள் தொல்லை, தூக்கி வீசியிருப்பார்கள். மேட்டுக்கும் ஓர் உரிமையாளர் இருப்பார் என்பதை மறக்க வேண்டாம். அவரிடம் கேட்டு, முடிந்தால் எழுத்தில் அனுமதி வாங்கிக்கொண்டு போங்கள். ஊருக்கு ஊர் சட்டம் வேறு. கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, கைக்கு உறை, கல் உடைக்கும் சுத்தியல், பத்து மடங்கு பெரிதாக்கும் சிறு லென்ஸ், தண்ணீர் பாட்டில், பழைய செய்தித்தாள். இவ்வளவு போதும். மேட்டின் அடியில் உட்கார்ந்து தோண்டாதீர்கள். மேலே இருப்பது எப்போது சரியும் என்று அதற்கே தெரியாது.

மேட்டுக்குப் போனதும் குனியாதீர்கள். சுற்றி நடந்து லித்தியத்தின் அடையாளம் இருக்கிறதா என்று பாருங்கள். இளஞ்சிவப்பும் வெளிர் ஊதாவுமாகச் செதில் செதிலாக மின்னும் லெப்பிடோலைட் மைக்கா, பலகை பலகையாகப் பிளக்கும் வெளிர்பச்சை அல்லது சாம்பல்நிற ஸ்போடுமீன், பச்சையும் ரோஜா நிறமுமான டூர்மலின். இவற்றில் ஏதாவது ஒன்று கிடந்தால் நிற்கலாம். கறுப்பு டூர்மலின் மட்டும் குச்சி குச்சியாகக் கிடந்தால் அந்தப் பாறை இன்னும் முதிரவில்லை என்று பொருள். ஹெட்டரோசைட் கிடைக்கக்கூடும், பர்ப்யூரைட்டுக்கு ஆசைப்படாதீர்கள்.

அடுத்து, வெள்ளைக் கல் நடுவே கரிக்கட்டை மாதிரி எது கிடக்கிறது என்று தேடுங்கள். ஊதாவைத் தேடக்கூடாது, இது புதிதாக வருபவர் எல்லாரும் செய்யும் தவறு. வெயிலும் மழையும் பட்ட பாஸ்பேட் கட்டி வெளியே கறுப்பாகவோ காப்பிக்கொட்டை நிறத்திலோ, சொத்தைப் பல் மாதிரி குழிவிழுந்து இருக்கும். கறுப்பு டூர்மலினுக்கு நீளவாக்கில் கோடுகளும் கண்ணாடிப் பளபளப்பும் இருக்கும். கொலம்பைட் என்ற கறுப்பு உலோகத் தாது கையில் எடுத்ததும் இரும்புத்துண்டு போலக் கனக்கும். பாஸ்பேட் கட்டியில் பளபளப்பு இருக்காது. கனம் இருக்கும், ஆனால் ஆளை அசத்தாது.

அதை உடையுங்கள். ஓரமாக ஒரு தட்டு போதும். இது நொறுங்கும் கல். உடைந்த முகத்தை வெயிலில் மெல்ல ஆட்டிப் பாருங்கள். நல்ல கட்டியென்றால் ஒரே வெட்டில் முழு வரலாறும் தெரியும். நடுவில் மாறாத பழைய கல்: லித்தியோஃபிலைட் என்றால் சால்மன் மீன் சதையின் நிறத்திலிருந்து தேன்பழுப்பு வரை, டிரைஃபிலைட் என்றால் சாம்பலும் பச்சையும் நீலமும் கலந்த மங்கல். அதைச் சுற்றி வெல்லப்பாகு நிறத்தில் ஒரு வளையம், அது சிக்லரைட் பக்கம். அதற்கு வெளியே ஊதா. அதற்கும் வெளியே கறுப்புப் பொருக்கு. வளையமாகத்தான் வரவேண்டும் என்பதில்லை; விரிசல் வழியே நீர் போன பாதையெல்லாம் ஊதா நரம்பாக ஓடியிருக்கும். ஆட்டும்போது ஊதா முகம் முழுவதும் ஒரே நேரத்தில் பட்டுத்துணி மாதிரி மினுங்கி அணையும். பழைய கல்லின் சட்டகம் கலையாமல் அப்படியே நிற்பதால் பிளவுத்தளங்கள் எல்லாம் ஒரே திசை பார்க்கின்றன; அதனால் அந்த மினுக்கம்.

இதிலிருந்து இன்னொன்றும் புரியும்: பர்ப்யூரைட்டுக்குச் சொந்தமாகப் படிகம் வளர்த்துக்கொள்ளும் பழக்கம் இல்லை. தகப்பன் விட்டுப்போன வீட்டில்தான் அதன் வாசம். முனை கூர்ந்த பளபளக்கும் 'பர்ப்யூரைட் படிகம்' என்று யாராவது விற்றால் அது வேறு கல்.

கட்டி முழுவதையும் ஊதாவாகச் செதுக்க வேண்டாம். நடுக்கரு, பழுப்பு, ஊதா, கறுப்பு நான்கும் இருக்கும் துண்டு ஒன்று, தனி ஊதாத் துண்டுகள் பத்துக்குச் சமம். இது என் ருசி, கடைக்காரர் ஒப்புக்கொள்ளமாட்டார்.

வீட்டுக்கு வந்தபின் செய்யும் சோதனைகள்

முதல் சோதனைக்கு ஒரு பீங்கான் கோப்பை போதும். கவிழ்த்தால் அடியில் மெருகு பூசாத வெள்ளை வளையம் இருக்கும். கல்லின் சுத்தமான ஊதாப் பகுதியை அதில் அழுத்தி இழுங்கள். நாவல்பழம் தின்ற நாக்கு மாதிரி செவ்வூதாக் கோடு விழ வேண்டும். கறுப்புப் பொருக்குப் பட்டால் கோடும் கறுப்பாகவோ பழுப்பாகவோ வரும். அதைப் பார்த்துப் பயந்து கல்லை எறிந்துவிடாதீர்கள். இடம் மாற்றி இழுங்கள்.

இந்த ஒரு கோடே போலிகளில் முக்கால்வாசியைத் தள்ளிவிடும். செவ்வந்திக்கல் என்கிற அமெதிஸ்ட், ஊதா ஃப்ளோரைட், லெப்பிடோலைட், சைபீரியாவின் சரோயிட், தென்னாப்பிரிக்காவின் சுகிலைட் எல்லாம் பார்வைக்கு ஊதா, கோடு வெள்ளை. அதிகம் ஏமாற்றுவது ஃபாஸ்ஃபோசிடரைட். அதுவும் பாஸ்பேட், அதுவும் வெளிர் ஊதா, இதே பெக்மடைட்டில் இதே கட்டியின் மேல்கூட வரும். கோடு மட்டும் வெள்ளை. கோபால்ட் கனிமமான எரித்ரைட் இளஞ்சிவப்புக் கோடு போடும். ஆனால் நகம் கீறுமளவுக்கு மிருதுவானது. சாயம் ஏற்றிய கல் என்று சந்தேகம் வந்தால், நகப்பூச்சு நீக்கியில் நனைத்த பஞ்சால் ஓரத்தில் துடைத்துப் பாருங்கள். பஞ்சில் நிறம் இறங்கினால் விடை கிடைத்தது.

அடுத்தது கடினம். கல்லின் கடினத்தை 1 முதல் 10 வரை சொல்லும் மோஸ் அளவில் 4 முதல் 4.5. பேனாக்கத்தி கீறும், செம்பு கீறாது. கண்ணாடியில் இழுத்தால் கண்ணாடிக்கு ஒன்றும் ஆகாது. அமெதிஸ்ட் கண்ணாடியைக் கீறிவிடும்.

மூன்றாவது எடை. நகைக்கோ சமையலுக்கோ வைத்திருக்கும் டிஜிட்டல் தராசு இருந்தால் அடர்த்தியே பார்த்துவிடலாம். முதலில் கல்லைச் சும்மா எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஒரு டம்ளர் தண்ணீரைத் தராசில் வைத்து எண்ணைப் பூஜ்யமாக்குங்கள். கல்லை மெல்லிய நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் தொடாமல் நீருக்குள் முழுக்கத் தொங்கவிடுங்கள். இப்போது தராசு காட்டும் கிராம்தான் கல்லின் கன அளவு, கன சென்டிமீட்டரில். என் மேசையில் உள்ள துண்டு வெளியே 84.2 கிராம், நீரில் தொங்கியபோது தராசு காட்டியது 25.6. வகுத்தால் 3.29. இதே பருமனுள்ள அமெதிஸ்ட் 68 கிராம்கூட இருந்திருக்காது. பர்ப்யூரைட்–ஹெட்டரோசைட் கற்கள் 3.2க்கும் 3.7க்கும் இடையில் எங்காவது நிற்கும். உள்ளே நுண்துளைகள் இருப்பதால் கீழ்ப்பக்கம்தான் அதிகம். நூலில் தொங்கும்போது கல்லிலிருந்து குமிழிகள் வந்துகொண்டே இருந்தால் அவை நிற்கும்வரை பொறுங்கள். குவார்ட்ஸ் ஒட்டியிருந்தால் எண் குறையும்.

அமிலச் சோதனை எழுதச் சொல்லிச் சிலர் கேட்பார்கள். எழுதமாட்டேன். நம் வீடுகளில் பாத்ரூம் கழுவும் ஆசிட் எளிதில் கிடைப்பதால் இதைச் சொல்லியாக வேண்டும்: அது நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம். மாங்கனீசு ஆக்சைடு மீது பட்டால் குளோரின் வாயு வரும். 1774இல் வேதியியலாளர் ஷீலே குளோரினைக் கண்டதே இந்தக் கறுப்புத் தாதுவின் மேல் இதே அமிலத்தை ஊற்றித்தான். மூடிய குளியலறையில் கறுப்புப் பொருக்கோடு கல்லை ஆசிட்டில் போட்டு மூக்கைக் கொண்டுபோய் வைக்காதீர்கள். போதாக்குறைக்கு, பர்ப்யூரைட்டும் அந்த அமிலத்தில் கரையும். பொருக்கு போகும்போது ஊதாவும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடவே போகும்.

இரும்பா, மாங்கனீசா

இதுவரை செய்த சோதனைகள் எல்லாம் தேறினாலும் உங்கள் கையில் இருப்பது பர்ப்யூரைட் என்று ஆகிவிடவில்லை. ஹெட்டரோசைட்டும் இதே கோடு போடும், இதே கடினம், ஏறக்குறைய இதே எடை. கண்ணாலும் லென்ஸாலும் பிரிக்க முடியாது. நிறம் கொஞ்சம் சிவந்திருந்தால் அது, கறுத்திருந்தால் இது என்று சொல்பவர்களை நம்பாதீர்கள்.

பிரிப்பது ஒரே ஒரு கேள்வி: இரும்பு அதிகமா, மாங்கனீசு அதிகமா? எக்ஸ்-கதிர் ஒளிர்வுக் கருவியோ எலக்ட்ரான் நுண்ணாய்வுக் கருவியோ உள்ள புவியியல் துறைகளில் கேட்டுப் பாருங்கள். நல்லவேளையாக இந்த இரண்டு உலோகத்தின் அணு எடையும் ஏறக்குறைய சமம்: மாங்கனீசு 54.9, இரும்பு 55.8. அதனால் அறிக்கையில் வரும் எடைச் சதவீதங்களை அப்படியே பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுவிடலாம். மாற்றிக் கணக்குப் போட வேண்டிய வேலை மிச்சம். லித்தியத்தை அந்த எக்ஸ்-கதிர்க் கருவி பார்க்காது. அது பெரிய குறை இல்லை, ஊதாவாக மாறியிருந்தால் லித்தியம் போய்விட்டது என்றே அர்த்தம். நகைக்கடையில் காரட் மீட்டர் என்று வைத்திருப்பதும் இதே தத்துவம்தான். ஆனால் அது தங்கத்துக்கு அளவு திருத்திய கருவி. அங்கே கொண்டுபோய் நீட்டி அவர்களைச் சங்கடப்படுத்த வேண்டாம்.

சோதனைக்குக் கொடுக்கும்போது ஒன்றில் கவனம்: கறுப்புப் பொருக்கின் மேல் கதிரை அடித்தால் மாங்கனீசு தாறுமாறாக ஏறித் தெரியும். ஹெட்டரோசைட் நொடியில் பர்ப்யூரைட் ஆகிவிடும்! புதிதாக உடைத்த, சுத்தமான ஊதா முகத்தைக் காட்டுங்கள். மூன்று நான்கு இடத்தில் எடுக்கச் சொல்லுங்கள்.

வாங்கும்போது, வைத்துக்கொள்ளும்போது

விற்பவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். எந்த ஊர்? அமிலத்தில் போட்டீர்களா? பர்ப்யூரைட் என்ற பெயர் சோதித்து வைத்ததா, கேள்விப்பட்டு வைத்ததா? முதல் கேள்விக்கு நாட்டின் பெயர் மட்டும் வந்தால் இன்னும் கொஞ்சம் கிளறுங்கள். இரண்டாவதுக்கு 'ஆமாம்' என்று ஒப்புக்கொள்பவர் நல்ல வியாபாரி; அமிலம் பட்டதில் அவமானம் ஒன்றுமில்லை, சொல்லாமல் விடுவதுதான் தப்பு. மூன்றாவது கேள்விக்குப் பெரும்பாலும் சிரிப்புதான் பதில்.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் வெறும் தண்ணீரில் ஒரு நாள் ஊறவைத்து, தண்ணீரை மாற்றி மாற்றி இன்னும் இரண்டு மூன்று நாள் விடுங்கள். மருந்துக்கடையிலோ மீன்தொட்டிக் கடையிலோ கிடைக்கும், அமிலத்தன்மை காட்டும் பி.எச். தாளைக் கடைசித் தண்ணீரில் தொட்டுப் பாருங்கள். குழாய்த் தண்ணீரோடு ஒத்துப்போனால் அலசல் போதும். பழைய பல்துலக்கியால் மெல்லத் தேய்க்கலாம், அழுத்தக்கூடாது. நிழலில் உலர விடுங்கள். அறுத்து மெருகேற்ற ஆசை வந்தால் நனைத்தபடிதான் வேலை செய்ய வேண்டும். மாங்கனீசுத் தூள் தொடர்ந்து மூச்சில் போனால் நரம்பு மண்டலத்தைப் பாதிக்கும். இந்தக் கல்லைப் போட்ட தண்ணீரைக் குடித்தால் மனவலிமை கூடும் என்று விற்பவர்களும் உண்டு. மேலே சொன்ன ஸ்டேப்ளர் பின்னை நினைத்துக்கொள்ளுங்கள்.

பெட்டிக்குள் இரும்பு எதுவும் வேண்டாம். பிளாஸ்டிக் பெட்டி, பென்சிலில் எழுதிய சீட்டு. சீட்டைக் கல்லுக்கு அடியில் வைக்காமல் மூடியில் ஒட்டுங்கள். சோதிக்காத கல்லுக்கு இரண்டு பெயரையும் சேர்த்து எழுதுவதுதான் நேர்மை. என் முதல் துண்டுக்கு இப்போது இருக்கும் சீட்டு இது: 'ஹெட்டரோசைட்–பர்ப்யூரைட் தொடர். சந்தமாப், உசாகோஸ், நமீபியா, விற்றவர் சொன்னது. அமிலம் பட்டது. இரும்பு–மாங்கனீசு அளவு பார்க்கவில்லை.'